கூமுட்டை எனும் பழிச்சொல் – குஞ்சு பொரித்தலின் நெடுங்கதை



இரண்டாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் விலங்குகளின் வளர்ச்சி பற்றிய பகுதி வருகிறது. முட்டை, குஞ்சு, கோழி என்று மூன்று படங்களை ஒட்டி, அம்புக்குறி போட்டுவிட்டால் பாடம் முடிந்துவிடும். அப்படி முடித்துவிட எனக்கு மனமில்லை. குழந்தைகள் தம் கண்ணால் பார்க்கட்டும் என்று சிறிய அடைகாப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வகுப்பறையின் மூலையில் வைத்தேன். சுங்கை லாலாங் வட்டாரத்தில் இன்னும் கோழி வளர்க்கும் வீடுகள் சில இருக்கின்றன. மாணவர்கள் ஆளுக்கு இரண்டு, மூன்று முட்டைகள் கொண்டு வந்தனர். ஒரு மாணவன் மட்டும் தன் பாட்டி வளர்க்கும் கோழிகளின் முட்டைகள் ஐந்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்தான். எண்ணிக்கை நிறைவதற்காகக் கடையிலிருந்து மூன்று முட்டைகளை நானே வாங்கிச் சேர்த்தேன். ஆக மொத்தம் 24 முட்டைகள்.

இருபத்தோராம் நாள் முடிந்து இருபத்து மூன்றாம் நாளும் வந்தது. பொரித்தவை ஏழு மட்டுமே. அந்த ஏழில் பாட்டி வீட்டு முட்டை ஒன்றுகூட இல்லை. பென்சிலால் பெயர் எழுதியிருந்ததால் யாருடைய முட்டை எது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டு, “உன் முட்டை எல்லாம் கூமுட்டை! நீயும் கூமுட்டை!” என்று கத்தினர். அவன் அழவில்லை, தலையைக் குனிந்துகொண்டு பென்சில் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

அந்தச் சொல்லை அவர்கள் எங்கிருந்து கற்றார்கள்? வேறெங்கும் இல்லை, நம்மிடமிருந்துதான். கணக்கு வராத மாணவனை, வாய்ப்பாடு மறந்த மாணவனை, ‘கூமுட்டை’ என்று விளிக்கும் பழக்கம் நம் தமிழ்ப்பள்ளிகளில் பல்லாண்டுகளாக இருந்து வந்தது. நான் படித்த காலத்தில் அது அன்றாட வழக்கு. கருவே இல்லாத முட்டை, எத்தனை நாள் அடைகாத்தாலும் உயிர் வராத முட்டை என்பது அதன் பொருள். குற்றம் முட்டையினுடையதே என்பது அச்சொல்லின் தீர்ப்பு.

அன்று பள்ளி முடிந்ததும் அவனை அழைத்துச் செல்ல அவனுடைய பாட்டி வந்திருந்தார். பெட்டியை எட்டிப் பார்த்தார். அதன் அடித்தட்டில் இருந்த இரண்டு நீர்க்குழிகளும் ததும்ப நிறைந்திருந்தன. “பொட்டிக்குள்ள ஏன் டீச்சர் இம்புட்டுத் தண்ணி? கோழி என்ன, தண்ணிய மடியில கட்டிக்கிட்டா அடை ஒக்காருது?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. பெட்டியோடு வந்த கையேட்டில் இரு குழிகளையும் நிரப்பும்படி எழுதியிருந்தது. நான் நிரப்பினேன், அவ்வளவுதான். அந்தக் கேள்வி என்னைப் பல நாள் படிக்க வைத்தது. படித்தபோது, கோழியின்றிக் குஞ்சு பொரிக்க மனிதன் செய்த முயற்சி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பதும், அந்தப் பாட்டியின் கேள்வியை முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஐரோப்பிய அறிஞர் ஒருவரும் எதிர்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியவந்தன. அவற்றை இங்குப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் காட்டில் பிறந்த பறவை

உலகின் எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் மூதாதை தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழி ஆகும். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான மரபணு ஆய்வு, தென்மேற்குச் சீனா, வடதாய்லாந்து, மியன்மார் பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழித் துணையினம் ஒன்றே வீட்டுக் கோழிக்கு மிக நெருங்கிய உறவு என்று காட்டியது. அதே துணையினம் மலாய்த் தீபகற்பத்திலும் வாழ்கிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள், விடியற்காலையில் பால்மரக் காட்டின் ஓரத்திலிருந்து வரும் அந்தச் சுருக்கமான கூவலைக் கேட்டிருப்பீர்கள்.

முதல் அடைகாப்புப் பொறி தாய்க்கோழிதான். அடைப்பருவம் வந்ததும் அதன் அடிவயிற்று இறகுகள் உதிர்ந்து வெறுந்தோல் வெளிப்படுகிறது. அந்தத் தோல் முட்டையின் மேற்பரப்பைத் தொட்டுச் சூடேற்றுகிறது. அலகால் அவ்வப்போது முட்டையைப் புரட்டுகிறது. நாளுக்கு ஒருமுறை இரை தேட இறங்கி, சற்று நேரத்தில் திரும்புகிறது. வெப்பம், ஈரம், காற்று, புரட்டல் ஆகிய நான்கையும் எவரும் சொல்லித்தராமலே அது சரியாகச் செய்கிறது. மனிதன் தானே அடைகாக்க முற்பட்டபோது இந்நான்கில் ஒவ்வொன்றிலும் தவறினான். அந்தத் தவறுகளின் வரிசையே இத்துறையின் வரலாறு எனலாம்.

எகிப்தியரின் சூளைகள்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், எகிப்தில் முட்டைகளை எருவில் புதைத்துத் தாமாகவே பொரிக்கச் செய்கின்றனர் என்று எழுதியுள்ளார். ஓயாமல் மது அருந்தும் ஒருவன், முட்டைகளைப் பாய்க்கு அடியில் வைத்து, அவை பொரிக்கும்வரை மேலே அமர்ந்து குடித்துக்கொண்டே இருந்தான் என்னும் வேடிக்கைக் கதையையும் அவரே சொல்கிறார். அதைவிட முக்கியமானது அவருடைய மற்றொரு குறிப்பு. அடைவைத்த முட்டைகளை உடைத்துப் பார்த்து, மூன்று நாள் கழிந்ததும் குருதிப் புள்ளி போன்ற இதயம் துடிப்பதைக் கண்டு எழுதினார். முட்டைக்குள் என்ன நடந்தது என்பதை அறிய முட்டையையே கேட்க வேண்டும் என்னும் முறைக்கு அது பழமையான எடுத்துக்காட்டு.

எகிப்தியர்கள் பின்னர் களிமண் செங்கல்லால் பெரிய சூளைகள் கட்டினர். நடுவில் நீண்ட நடை. அதன் இருபுறமும் அறைகள். ஒவ்வோர் அறையும் இரண்டு அடுக்கு கொண்டது. கீழடுக்கில் ஆயிரக்கணக்கான முட்டைகள் பரப்பப்பட்டிருக்கும். மேலடுக்கில் வைக்கோலும் காய்ந்த சாணமும் மெதுவாகக் கனன்றுகொண்டிருக்கும். அடைகாலத்தின் பாதியில் நெருப்பை நிறுத்திவிட்டு, முட்டைகளில் ஒரு பகுதியை மேலடுக்குக்கு மாற்றிவிடுவர். அதற்குமேல், வளர்ந்துவிட்ட கருக்கள் தாமே வெளியிடும் வெப்பம் போதுமானதாக இருந்தது. சீனாவில் சூடேற்றிய உமியைக் கொண்டு வாத்து முட்டைகளைப் பொரிக்கும் பழைய முறையும் இதே உண்மையின்மீது அமைந்ததாகும்.

அச்சூளைக்காரர்களிடம் வெப்பமானி இல்லை. முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையின்மீது வைத்துப் பார்ப்பர். இமைத்தோல் மெல்லியது, சிறிய வெப்ப மாற்றத்தையும் உணரும். இந்தக் கலை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. நைல் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள பெர்மே என்னும் ஊர் மக்கள் இதில் பெயர்பெற்றவர்களாய் இருந்தனர்.

நம் தலைப்புக்கு மிகவும் தேவையான செய்தி இனிமேல்தான் வருகிறது. சூளைக்காரர், முட்டை கொடுத்தவருக்கு மூன்றில் இரண்டு பங்கு குஞ்சுகளைத் தந்தால் போதும் என்பது உடன்பாடு. 45,000 முட்டைக்கு 30,000 குஞ்சு. அதற்குமேல் பொரித்தவை சூளைக்காரருக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட மூன்றில் ஒரு பங்கு இழப்பைக் கணக்கில் வைத்தே தொழில் நடத்தினர். நூற்றுக்கு நூறு என்று அவர்கள் யாருக்கும் வாக்களிக்கவில்லை.

இடியும் இரும்பாணியும்

என் பாட்டி தோட்டத்து லயத்தில் கோழி வளர்த்தவர். அடைவைக்கும் கூடையில் வைக்கோலுக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டு, கொஞ்சம் அடுப்புக்கரி, இரண்டு காய்ந்த மிளகாய் ஆகியவற்றைத் தவறாமல் வைப்பார். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும், இரும்பு அதைத் தடுக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. முட்டைகளை ஒற்றைப்படையில்தான் வைப்பார். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. இது நம் ஊரார்க்கு மட்டுமே உரிய மூடநம்பிக்கை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

ஆனால், கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லாவும் முட்டைகளை ஒற்றைப்படையில் வைக்கச் சொல்கிறார். இடிக்கு அஞ்சி மக்கள் வைக்கோலின் அடியில் இரும்பாணிகளை வைப்பதையும் குறிப்பிடுகிறார். அதே நூற்றாண்டில் வாழ்ந்த பிளினியும் இடிக்கு மருந்து வைக்கோலுக்கு அடியில் வைக்கும் இரும்பாணி என்கிறார். உரோமாபுரிக்கும் நம் தோட்டத்து லயத்திற்கும் நடுவே எத்தனை கடல்! எனினும் அச்சம் ஒன்று, ஆணியும் ஒன்று.

இடியோசை முட்டையைக் கெடுப்பதில்லை. பிறகு ஏன் இந்த நம்பிக்கை இத்தனை இடங்களில் வேரூன்றியது? முட்டை பொரிக்காதபோது மனிதனுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. ஓட்டுக்குள் நடந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை. இடியோ எல்லார் காதிலும் விழுகிறது. தெரியாத காரணத்தின் இடத்தில் கேட்ட ஓசையை வைத்துவிட்டோம். ஒன்று மட்டும் உண்மை: மின்சாரப் பெட்டியில் அடைவைக்கும் இக்காலத்தில் இடி உண்மையாகவே பகையாகிவிட்டது. கெடாவில் மாலை நேர இடிமழையின்போது வீட்டின் மின் இணைப்பு தானே துண்டித்துக்கொள்வதை நாம் அறிவோம். வீட்டில் ஆள் இல்லையென்றால், பெட்டி விடியும்வரை குளிர்ந்தே கிடக்கும். அதற்கு இரும்பாணி உதவாது.

ரியோமூரின் தோல்வி

பிரான்சு நாட்டு அறிஞர் ரியோமூர் (1683–1757) வெப்பமானிக்குத் தம் பெயரால் ஓர் அளவையை உருவாக்கியவர். எகிப்தியரின் சூளைகளைப் பற்றிக் கேள்விப்பட்ட அவர், எகிப்து தன் பிரமிடுகளைவிட இந்தச் சூளைகளுக்காகவே பெருமைப்பட வேண்டும் என்று கருதினார். பெர்மே ஊராரின் இரகசியம் தேவையில்லை, வெப்பமானி ஒன்றே போதும் என்பது அவருடைய நம்பிக்கை. கோழியின் அடிவயிற்று வெப்பம் அவருடைய அளவையில் 32 பாகை. இன்றைய செல்சியஸ் கணக்கில் 40 பாகை.

மட்கும் எரு சூடாக இருக்கும் அல்லவா? அந்தச் சூட்டில் முட்டைகளை வைத்தார். வெப்பமானி சரியான அளவையே காட்டியது. ஆயினும் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே மடிந்தன. வெப்பம் சரியாக இருந்தும் ஏன் தோல்வி? ரியோமூர் விடாமல் ஆராய்ந்து, எருவிலிருந்து எழும் ஈர ஆவியே கருவைக் கொல்கிறது என்று கண்டறிந்தார். பின்னர் எருவின் ஆவி உள்ளே புகாதவாறு மரப்பீப்பாய்களின் உட்புறம் சாந்து பூசி, அவற்றை எருவில் புதைத்து, மேலே காற்றோட்டத்திற்குத் துளைகள் விட்டார். கன்னிமாடம் ஒன்றின் ரொட்டி அடுப்புக்கு மேலிருந்த அறையிலும் முட்டைகளை வைத்துப் பொரிக்கச் செய்தார். இவற்றையெல்லாம் 1749ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

“தண்ணிய மடியில கட்டிக்கிட்டா ஒக்காருது?” என்று பாட்டி கேட்டதும் இதைத்தான். ரியோமூர் ஒரு நூல் எழுதிச் சொன்னதைப் பாட்டி ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பொறிகள் வந்த கதை

ரியோமூருக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் வாழ்ந்த டச்சுக்காரர் கொர்னேலிஸ் டிரெபெல் தானே வெப்பத்தைச் சீர்செய்துகொள்ளும் அடுப்பை அமைத்தார். சூடு கூடினால் குழாயில் உள்ள சாராயமும் பாதரசமும் விரிந்து காற்றுவழியை மூடும், நெருப்பு தணியும். தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் வரலாற்றில் இது முதன்மையான இடம் பெற்றுள்ளது. குஞ்சு பொரிக்க வேண்டும் என்ற ஆசை அக்கருவி பிறந்ததற்கு ஒரு காரணம் என்பது நம் மாணவர்களுக்குச் சொல்லத்தக்க செய்தி.

1879இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெட்டாலுமா என்னும் ஊரில் லைமன் பைஸ் என்பவர் பயன்மிக்க பொறியை உருவாக்கினார். அவ்வூர் பின்னர் ‘உலகின் முட்டைக்கூடை’ என்று பெயர்பெற்றது. 1881இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஹியர்சன், சிறு உலோக உறைக்குள் எளிதில் ஆவியாகும் நீர்மத்தை அடைத்து, அது விரியும்போது நெம்புகோலை உயர்த்தி விளக்கின் சூட்டைத் திசைதிருப்பும் முறையைக் கொண்டு வந்தார். மின்சாரமும் விசிறியும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்து சேர்ந்தன.

பொறி வந்ததும் கோழியும் மாறியது. அடையில் அமர்ந்த கோழி முட்டையிடாது. ஆகவே, அடை அமராத கோழிகளையே தேர்ந்து தேர்ந்து பெருக்கினர். வெள்ளை லெக்கான் போன்ற முட்டையினங்கள் அடை அமரும் இயல்பை ஏறக்குறைய இழந்தேவிட்டன. பொறியின்றி அவ்வினங்கள் நிலைக்க முடியாது.

நம் தோட்டங்களிலும் இத்தகைய மாற்றம் ஒன்று நடந்தது. லயத்து வீட்டின் பின்புறத்தில் கோழிக்கூடு இல்லாத குடும்பம் அன்று அரிது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், இரப்பர் போய்ச் செம்பனை வந்தும், மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். நெருங்கிய வீட்டு வரிசைகளில் கோழி வளர்க்க இடமில்லை. 2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்ட பிறகு, எஞ்சியிருந்த சிலரும் அஞ்சினர். கோழி போனதோடு கோழி பற்றிய அறிவும் போயிற்று. 2022ஆம் ஆண்டில் கோழி ஏற்றுமதிக்குத் தடை விதிக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆண்டிறுதியில் முட்டையும் கிடைக்காமல் போனபோது, எங்கள் வட்டாரத்தில் சிலர் மீண்டும் அடைகாப்புப் பெட்டி வாங்கினர். பெட்டி கிடைத்தது; பாட்டிமாரின் அறிவு பெட்டியோடு வரவில்லை. பாதி முட்டைகூடப் பொரிக்கவில்லை என்ற குறை பலரிடமும் கேட்டேன்.

பதினேழு முட்டைகள் சொன்னவை

அரிஸ்டாட்டில் வழியைப் பின்பற்றுவது என்று முடிவு செய்தேன். பிள்ளைகள் வீட்டுக்குச் சென்ற பின், பொரிக்காத 17 முட்டைகளையும் பள்ளியின் பின்புறத்தில் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். நாற்றம் தாங்கவில்லை, எனினும் பார்த்து எழுதிக்கொண்டேன்.

மூன்று முட்டைகளில் கரு உருவாகிய தடமே இல்லை. நான்கில் முதல் சில நாள்களிலேயே கரு மடிந்து, குருதி வளையம் மட்டும் இருந்தது. பத்து முட்டைகளில் முழுமையாக வளர்ந்த, இறகு முளைத்த குஞ்சுகள் இருந்தன. அவற்றின் உடலைச் சுற்றிலும் நீர். காற்றறை சிறுத்துப்போயிருந்தது. மூச்சுவிட வழியின்றி, பிறக்க ஒரு நாள் இருக்கும்போது இறந்தவை அவை.

உண்மையான கூமுட்டை மூன்றே மூன்று. அவை மூன்றும் நான் கடையில் வாங்கியவை! உறைமேல் ‘கம்போங் முட்டை’ என்று எழுதியிருந்ததை நம்பி வாங்கினேன். சேவல் இல்லாத பண்ணையில் இடப்படும் முட்டை எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும் பொரிக்காது. அந்த மாணவனின் ஐந்து முட்டைகளில் ஒன்றில் குருதி வளையம். மற்ற நான்கிலும் முழுக் குஞ்சுகள். அவனுடைய முட்டைகளில் ஒரு குறையும் இல்லை. குறை அடைவைத்தவளிடம் இருந்தது.

பொரிக்காத முட்டையைத் தூக்கி எறியும் முன் உடைத்துப் பாருங்கள். எந்த நாளில் கரு மடிந்தது என்பது தவறு எங்கே என்று சொல்லிவிடும். கருக்கள் பெரும்பாலும் இரண்டு காலங்களில் மடிகின்றன: முதல் நான்கு நாள்கள், கடைசி மூன்று நாள்கள். நான் கற்றவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. கருவே இல்லையெனில்: சேவல் இல்லை, அல்லது போதவில்லை. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். ஏழாம் நாள் இருட்டறையில் கைவிளக்கின்மேல் முட்டையை வைத்துப் பார்த்தால், கருவுள்ள முட்டையில் சிலந்தி வலைபோல் குருதி நாளங்கள் தெரியும்.

2. குருதி வளையம் எனில்: அடைவைப்பதற்கு முன் சேமித்த முறையில் தவறு. நான் முட்டைகளை ஒன்பது நாள் அலமாரியின்மேல் வைத்திருந்தேன். முட்டையைக் குளிர்ந்த இடத்தில், 15 முதல் 18 பாகையில், ஏழு நாளுக்கு மேற்படாமல் வைக்க வேண்டும். நம் நாட்டு அறையின் 30 பாகை வெப்பத்தில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி வலுவிழந்துவிடுகிறது. குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டோ மிகையான குளிர். என் பாட்டி தண்ணீர்ப்பானையின் அடியில் இருந்த ஈர மணலில் சிறிய சட்டியைப் புதைத்து, அதற்குள் முட்டைகளை வைப்பார். ஈரம் ஆவியாகும்போது சட்டி குளிரும். காரணம் சொல்ல அவருக்குத் தெரியாது, செய்யத் தெரிந்திருந்தது.

3. நீர் சூழ்ந்த முழுக் குஞ்சு எனில்: ஈரப்பதம் கூடுதல். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை நீராவியாக இழக்க வேண்டும். 50 கிராம் முட்டை 44 கிராமாக வேண்டும். அப்போதுதான் காற்றறை பெரிதாகி, குஞ்சு முதல் மூச்சு விட இடம் கிடைக்கும். இதற்குப் பெட்டியில் 50 விழுக்காடு அளவில் ஈரப்பதம் போதும். குளிர்நாட்டில் 20 பாகை அறையின் காற்றை 37.5 பாகைக்குச் சூடேற்றினால் அதன் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே நீர் ஊற்றியே ஆகவேண்டும். நம் ஊரிலோ 28 பாகையில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றைச் சூடேற்றினாலும் அது 47 விழுக்காட்டில் நிற்கும். நீர் ஊற்றாமலே தேவையான அளவு வந்துவிடுகிறது! நான் இரு குழிகளையும் நிரப்பி, பத்துக் குஞ்சுகளை மூழ்கடித்தேன்.

4. குஞ்சு சவ்வில் ஒட்டி உலர்ந்திருந்தால்: கடைசி மூன்று நாளில் மூடியை அடிக்கடி திறந்திருக்கிறீர்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு வேண்டும். அப்போதுதான் நீர் ஊற்ற வேண்டும். அதன்பின் மூடியைத் திறவாதீர்கள். முதலில் பொரித்த குஞ்சு வயிற்றில் உள்ள மஞ்சள்கருவைக் கொண்டு இரண்டு நாள் வரை உணவின்றி இருக்கும். அதற்காகப் பதற வேண்டாம்.

5. கரு ஒரு பக்கம் ஒட்டியிருந்தால்: புரட்டவில்லை. 18ஆம் நாள்வரை நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை புரட்ட வேண்டும். ஒற்றைப்படையில் புரட்டினால், நீண்ட இரவில் முட்டை நாள்தோறும் ஒரே பக்கமாய்க் கிடக்காது. கெடாவில் வெள்ளியும் சனியும் பள்ளி விடுமுறை. வகுப்பறையில் பெட்டி வைக்கும் ஆசிரியர்கள் அந்த இரண்டு நாளுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

6. முன்கூட்டியே அல்லது பிந்திப் பொரித்தால்: வெப்பம் தவறு. விசிறியுள்ள பெட்டிக்கு 37.5 பாகை. விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேற்பகுதி உயரத்தில் 38.5 பாகை அளவில் இருக்க வேண்டும். பெட்டியின் எண்காட்டியை அப்படியே நம்பாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியோடு சேர்த்து வெதுவெதுப்பான நீரில் வைத்து ஒப்பிடலாம். ஈரப்பதமானியைச் சோதிக்க, ஒரு போத்தல் மூடியில் நனைத்த உப்பை வைத்து, கருவியோடு நெகிழிப் பையில் இறுகக் கட்டி ஓர் இரவு விடுங்கள். 75 விழுக்காடு காட்ட வேண்டும். காட்டாவிடில் அந்த வேறுபாட்டைக் கூட்டியோ கழித்தோ கொள்ளுங்கள்.

7. மின்சாரம் நின்றால்: பெட்டியைத் திறவாமல் போர்வையால் மூடுங்கள், காற்றுத் துளைகளை அடைக்க வேண்டாம். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பெரும்பாலும் தாங்கும். மிகைச் சூட்டைத்தான் தாங்காது. முட்டைகளை எறிந்துவிடாதீர்கள்.

இரண்டாம் முறை

மறுநாள் வகுப்பில் குழந்தைகளிடம் உண்மையைச் சொன்னேன். “மூன்றுதான் கூமுட்டை. அதுவும் டீச்சர் வாங்கியது. மற்ற முட்டைகளை டீச்சர்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை” என்றேன். வகுப்பு அமைதியானது. ஆசிரியர் தம் தவற்றை ஒப்புக்கொள்வது அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கும். எனக்கும் அது எளிதாக இல்லை. பென்சில் பெட்டிக்காரன் மட்டும் கையைத் தூக்கி, “அப்படின்னா மறுபடியும் கொண்டு வரட்டுமா டீச்சர்?” என்று கேட்டான்.

இரண்டாம் முறை 24 முட்டைகளையும் சேவலுள்ள வீடுகளிலிருந்தே பெற்றோம். மாணவர்கள் சமையல் தராசில் எடை பார்த்து எழுதினர். கணிதப் பாடமும் உடன் நடந்தது. 18ஆம் நாள்வரை நீர்க்குழிகள் காலியாகவே இருந்தன. 17 குஞ்சுகள் பொரித்தன. எகிப்தியர் உடன்பாட்டின்படி 16 போதும். நமக்கு ஒன்று கூடுதல். அவன் கொண்டு வந்த ஐந்தில் நான்கு பொரித்தன.

பாட்டிக்குச் சொல்லி அனுப்பினோம்; குஞ்சுகளைப் பார்க்க வந்தார். வைக்கோலுக்கு அடியில் ஆணி வைத்தேனா என்று கேட்டார். வைக்கவில்லை என்றேன். “அடுத்த தடவ வச்சிருங்க டீச்சர், ஒன்னும் கெட்டுப் போவாது” என்றார். நானும் சரி என்றேன்.

அந்தப் பழிச்சொல்லை எங்கள் வகுப்பில் இப்போது யாரும் சொல்வதில்லை. ஒரு மாணவன் எழுத்துக்கூட்ட முடியாமல் தடுமாறும்போது என் நாவின் நுனிவரை அது வருவதுண்டு. பழைய பழக்கம் அல்லவா? அப்போதெல்லாம் நீர் சூழ்ந்து கிடந்த அந்தப் பத்துக் குஞ்சுகள் நினைவுக்கு வருகின்றன. பார்வை சரியில்லையோ, காலையில் உண்ணாமல் வந்தானோ, நான் கற்பித்த முறைதான் அவனுக்குப் பொருந்தவில்லையோ என்று முதலில் தேடிப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் கோழி வளர்த்த பாட்டிமார் இருந்தால், அவர்கள் அடைவைத்த முறையை இந்த விடுமுறையிலேயே பிள்ளைகளைக் கொண்டு கேட்டு எழுதச் செய்யுங்கள். ஆணியையும் மிளகாயையும் சேர்த்தே எழுதட்டும். எது உண்மை, எது நம்பிக்கை என்று பிறகு நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம்.